பல்லுக்கு வேண்டுவது வெண்மையா, வன்மையா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

பற்களை முத்துக்கும் முல்லை அரும்புக்கும் ஒப்பிட்டுப் பாடுவது தமிழ்ப் புலவர் மரபு. அந்த ஒப்புமையில் ஓர் உண்மையும் அடங்கியிருக்கிறது. திருவிழாக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் மணியைப் போல இயற்கை முத்து வெளேரென்று இருப்பதில்லை. அதில் மெல்லிய மஞ்சள் சாயல் உண்டு. நோயற்ற நல்ல பல்லும் அப்படித்தான். ஆனால் இன்று நாம் ஆசைப்படும் வெண்மை முத்தின் வெண்மை அன்று. சுண்ணாம்படித்த சுவரின் வெண்மை. விளம்பரப் பலகையிலும் கைப்பேசித் திரையிலும் சிரிக்கும் முகங்கள் அந்த வெண்மையையே அளவுகோலாக்கிவிட்டன. அளவுகோல் மாறியவுடன், நேற்று வரை ஒரு குறையும் இல்லாதிருந்த பல் இன்று குறையுள்ள பல்லாகிவிட்டது.

நண்பர்களே, பல்லை வெளுக்க நினைப்பது குற்றம் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. ‘அகத்தழகே அழகு, புறத்தழகு எதற்கு?’ என்று மேடையில் பேசுவது எளிது. அப்படிப் பேசுவோர் பெரும்பாலும் நல்ல பல்வரிசை உடையவர்களாகவே இருக்கிறார்கள்! நான் தருமபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து படிக்க வந்திருக்கிறேன். எங்கள் பக்கம் சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக் கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. வெளியூரார் அதை நாணம் என்பர். உண்மையில் அது காவியேறிய பல்லை மறைக்கும் முயற்சி. பெண் பார்க்க வருகிறவர்கள் பல்லைப் பார்க்கிறார்கள். வேலைக்கு நேர்முகத் தேர்வு நடத்துகிறவர்களும் பார்க்கத்தான் செய்கிறார்கள். ‘நீ பல்லே விளக்குவதில்லையா?’ என்று விடுதியில் கேலி செய்யும் நண்பனுக்கு, காவிப்பல்லுக்கும் பல் விளக்குவதற்கும் சம்பந்தமில்லை என்பது தெரியாது. ஆகவே ஆசை நியாயமானதே. என் வழக்கெல்லாம் ஆசையைப் பற்றியதன்று, வரிசையைப் பற்றியது. முதலில் பல்லின் நோயைப் பார்க்க வேண்டும், நிறத்தைப் பிறகுதான் பார்க்க வேண்டும். இந்த வரிசை தலைகீழாகிப் போனதுதான் இன்றைய தொல்லை.

வேதியியல் மாணவர் என்ற முறையில் பல்லின் அமைப்பைச் சிறிது சொல்ல விரும்புகிறேன். பல்லின் மேலோடு எனாமல். மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் இதுவே. எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சி அபடைட் என்னும் படிகங்களால் ஆனது. பனிமூட்டம் படிந்த கண்ணாடியைப் போல ஒளியை ஓரளவு உள்ளே விடும். அதன் அடியில் இருக்கும் டென்டின் என்ற பகுதி இயல்பிலேயே மஞ்சள். நாம் பல்லின் நிறம் என்று காண்பது பெரும்பாலும் மேலோட்டின் வழியே தெரியும் இந்த மஞ்சளைத்தான். எனவே எனாமலைத் தேய்த்துத் தேய்த்து மெலிய வைத்தால் பல் வெளுக்காது. நாளடைவில் முன்னிலும் மஞ்சளாகும், கூச்சமும் எடுக்கும். நகத்தைப் போல எனாமல் மீண்டும் வளர்வதில்லை. அதை உருவாக்கும் செல்கள், பல் ஈற்றைவிட்டு வெளியே வரும்போதே மறைந்துவிடுகின்றன. கொடுத்தது ஒரே ஒரு மேலோடு. அதை வைத்துத்தான் ஆயுள் முழுவதும் காலம் தள்ள வேண்டும்.

இப்போது நம் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வருவோம். செங்கல் தூள், உமிக்கரி, அடுப்புச் சாம்பல், உப்பு இவையெல்லாம் நம் பாட்டிமார் பல் விளக்கியவை. பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கையில் காசில்லாத வீட்டில் அடுப்பங்கரையில் கிடைத்ததைத்தானே எடுக்க முடியும்? ஆயினும் கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் எனாமல் ஏறக்குறைய 5. செங்கலில் உள்ள குவார்ட்ஸ் மணல் 7. கடினமானது மென்மையானதைக் கீறும் என்பது முதலாண்டுப் பாடம். உமியிலும் சிலிகா மிகுதி. எரித்தால் கரியோடு அதுவும் தங்குகிறது. அந்தக் கரியே இன்று கறுப்புப் பற்பசையாக, அழகான குழலில், பாட்டி கனவிலும் நினைக்காத விலைக்குத் திரும்பி வந்திருக்கிறது! அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, கரிப் பற்பசைகளும் கரிப் பொடிகளும் பாதுகாப்பானவை, பயனுள்ளவை என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடிவு கூறியது. வேப்பங்குச்சியையும் ஆலங்குச்சியையும் நான் இந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. மென்று நாராக்கி மெதுவாகத் தேய்த்தால் அது ஒரு பிரஷ் போலத்தான். ஈற்றைக் குத்தாமல் இருந்தால் சரி.

அடுத்தது எலுமிச்சை. இதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுச் செய்பவர்கள் விடுதியிலேயே பலர். சுமார் 5.5 என்ற பி.எச். மதிப்புக்குக் கீழே போனால் எனாமலின் கனிமம் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் மதிப்போ 2-க்கும் 3-க்கும் இடையே. சிலர் இந்தச் சாற்றில் சமையல் சோடாவைக் கலந்து, நுரை பொங்குவதைக் கண்டு மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்கிறார்கள். அந்த நுரை வெறும் கரியமில வாயு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று சரிக்கட்டிக் கொள்கின்றன. சாறு மிஞ்சினால் மிஞ்சிய அமிலம் பல்லைத் தின்னும். அமிலத்தால் இளகிய எனாமலை உடனே பிரஷ்ஷால் தேய்ப்பது இன்னும் கேடு. தேய்த்தவுடன் பளிச்சென்று தெரிவது உண்மைதான். சுவரின் மேற்பூச்சைச் சுரண்டினாலும் முதல் நாள் பளிச்சென்றுதான் இருக்கும்.

புகையிலை கலந்த பல்பொடியும் ஒரு காலத்தில் தாராளமாக விற்றது. பற்பசை, பல்பொடிகளில் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-இல் தடை செய்தது. ஆனாலும் கருக்கிய புகையிலைத் தூளை ஈற்றில் அழுத்தித் தேய்க்கும் வழக்கம் முற்றும் ஒழிந்தபாடில்லை. தேய்த்தால் வலி மரத்துப் போகிறது, அதனால் குணமாயிற்று என்று நம்புகிறார்கள். புகையிலையும் பாக்கும் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வாய்க்குள் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் கறையை மறந்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி உண்மையாகவே பல்லை வெளுக்கும் பொருளைப் பார்ப்போம். அது ஹைட்ரஜன் பெராக்சைடு. அல்லது அதை மெல்ல மெல்ல வெளியிடும் கார்பமைடு பெராக்சைடு. பல்லுக்குள் படிந்த நிறமுள்ள கரிமச் சேர்மங்களை இது ஆக்சிஜனேற்றம் செய்து நிறமற்றவையாக்குகிறது. துணி வெளுப்பதும் இதே தத்துவம்தான். 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடைப் பல்லின் அச்சுக்கேற்ற மெல்லிய தட்டில் வைத்து இரவில் அணியும் முறையை ஹேவுட், ஹெய்மன் என்னும் இரு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் 1989-இல் வெளியிட்டார்கள். அதிலிருந்து கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 3.5 சதவீதமே. நோயற்ற பல்லில், மருத்துவர் சொன்னபடி செய்தால் இது ஆபத்தானதன்று. சில நாள் கூச்சம் இருக்கும், பிறகு தணியும்.

நோயற்ற பல்லில் என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. பெராக்சைடு எனாமலின் மேலேயே நின்றுவிடுவதில்லை. அது ஊடுருவிச் சென்று சில நிமிடங்களிலேயே பல்லின் உயிர்ப்பகுதியான பற்கூழை எட்டுகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நல்ல பல்லிலேயே இப்படியென்றால், சொத்தை விழுந்த பல்லில், விரிசல் கண்ட பல்லில், ஈறு கீழிறங்கி வேர் தெரியும் பல்லில் சொல்ல வேண்டுமா? வேருக்கு எனாமல் கவசம் இல்லை. ஈறு வீங்கி இரத்தம் கசியும் வாயில் இதைப் பூசினால் புண்ணில் எரிச்சல் சேரும். பிளாஸ்டிக் நிறப்பூச்சால் அடைத்த பல்லும் செயற்கைத் தொப்பி போட்ட பல்லும் வெளுப்பதே இல்லை. சுற்றியுள்ள பற்கள் வெளுத்தபின் அவை மட்டும் மஞ்சளாகத் தனித்து நிற்கும். ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால், சிறுவயதில் விழுந்து அடிபட்டு உள்ளே உயிர் இற்றுப்போன பல்லாக இருக்கக்கூடும். அதற்கு வேர்ச் சிகிச்சை வேண்டும். மேலே எத்தனை பூசினாலும் பயனில்லை. கருவுற்ற பெண்கள் இந்த வேலையைத் தள்ளிப் போடுவதே நலம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் வகுத்த விதியைப் பாருங்கள். 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு தரும் பொருளைப் பல் மருத்துவருக்கு மட்டுமே விற்கலாம். முதல் முறை அவரோ அவர் மேற்பார்வையில் ஒருவரோதான் பயன்படுத்த வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்குக் கூடாது. வாயைப் பார்க்காமல் மருந்தைக் கொடுக்காதே என்பதே இதன் சாரம். நம் ஊர் அழகு நிலையங்களில் வாயைத் திறந்து சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பவர் யார்? வேதியியல் நண்பர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: நம் ஆய்வகத்து அலமாரியில் இருப்பது 30 சதவீதக் கரைசல். அது விரலில் பட்டாலே தோல் வெளுத்து எரியும். ‘கொஞ்சம் நீர் ஊற்றிக் கொள்ளலாம்’ என்று யாரும் சோதனை செய்ய வேண்டாம்.

எங்கள் ஊரில் ஓர் அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. முன்பற்களில் காவி. பக்கத்து நகரத்தில் ஒரு நிலையத்தில், நீல விளக்கைக் காட்டிப் பல்லை வெளுத்துவிட்டார்கள். அவர் அப்பா ஒரு மாதம் கல் உடைத்துச் சேர்க்கும் பணம் அதற்குப் போயிற்று. அன்றிரவே கீழ்க் கடைவாய்ப் பல்லில் உயிர்போகும் வலி. அங்கே வெகுநாளாகச் சொத்தை இருந்திருக்கிறது. யாரும் பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை. ஈற்றோரம் வெந்து வெள்ளையாகிவிட்டது. முன்பல்லிலோ காவி அப்படியே நிற்க, இடையிடையே இருந்த வெள்ளைத் திட்டுகள் மட்டும் முன்னைவிடப் பளிச்சிட்டன. பிறகு அரசு மருத்துவமனைக்குப் போனார். அங்கே மருத்துவர் முதலில் சொத்தைக்கு வேர்ச் சிகிச்சை தொடங்கினார். ஈறு ஆறியதும் பற்காரையை எடுத்தார். காரை போனதுமே பாதி நிறம் தெளிந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை! மீதியிருந்த இரண்டு முன்பல்லுக்கு மட்டும் காம்போசிட் என்னும் பல்நிறக் கலவை பூசினார். இந்த வரிசையிலேயே தொடங்கியிருந்தால் வலியும் இல்லை, அந்தப் பணமும் வீட்டில் இருந்திருக்கும்.

‘பற்காரையைச் சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும்’ என்று அந்த அக்காவின் அம்மா முதலில் தடுத்தாராம். இந்த நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியது. காரை என்பது எச்சிலில் உள்ள சுண்ணச்சத்தும் கிருமிப் படலமும் சேர்ந்து கல்லாய் இறுகியது. அதனால் ஈறு அழற்சி கண்டு, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. ஆட்டத்தைத் தந்தது அந்த நோய். காரை அதை மூடி மறைத்துக் கொண்டிருந்தது. எடுத்தவுடன் பல்லிடையே இடைவெளி தெரிவதும் கூச்சமாக இருப்பதும் அதனால்தான். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பது இன்னொரு கதை. பல்லின் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு. எங்களைப் போலக் குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள் இந்த இரண்டையும் வீட்டில் சொல்லிப் புரியவைத்தாலே எத்தனையோ பேர் பல் மருத்துவரிடம் போவார்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. அங்கே காத்திருக்க நேரிடும் என்பது உண்மை. ஆனால் காத்திருப்பதற்குப் பணம் வேண்டியதில்லை.

கறையிலும் வகையுண்டு. தேநீர், வெற்றிலை, இரும்புச்சத்து மருந்து, குளோர்ஹெக்சிடின் என்ற வாய்க்கொப்பளிப்பு மருந்து ஆகியவற்றால் வருவது பெரும்பாலும் மேற்கறை. மருத்துவர் சுத்தம் செய்தால் போகும். கருவில் இருக்கும்போதோ எட்டு வயதுக்கு முன்போ டெட்ராசைக்ளின் மருந்து கொடுக்கப்பட்டவர்களின் பல்லில் சாம்பல் பட்டை விழும். அது எளிதில் அசையாது, மாதக் கணக்கில் பொறுமை வேண்டும். எங்கள் மாவட்டத்துக் காவி இரண்டிலும் சேராதது. அது நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளோரைடு தந்தது. குழந்தைப் பருவத்தில் ஈற்றுக்குள் பல் உருவாகும்போதே மிகுதியான ஃப்ளோரைடு எனாமலின் கனிமச் செறிவைக் கெடுத்துவிடுகிறது. நுண்துளையுள்ள அந்த எனாமல் பின்னர் நிறத்தை உறிஞ்சிக் காவியாகிறது. பல் விளக்காததால் வந்ததன்று, விளக்கினால் போவதுமன்று.

இந்த நோயின் வரலாற்றில் நம் மாகாணத்துக்கும் இடம் உண்டு. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு 1901-இல் வந்த மெக்கே என்ற பல் மருத்துவர், அவ்வூராரின் பழுப்புப் பற்களைக் கண்டு வியந்து காரணம் தேடத் தொடங்கினார். முப்பது ஆண்டுக்குப் பிறகு, 1931-இல், அலுமினிய நிறுவனம் ஒன்றின் வேதியியலாளரான சர்ச்சில் நீரில் ஃப்ளோரைடு இருப்பதைக் கண்டறிந்தார். பல் மருத்துவர் தொடங்கிய துப்பறிதலை ஒரு வேதியியலாளர் முடித்து வைத்தார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1937-இல் ஷார்ட் முதலிய மருத்துவ அறிஞர்கள், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இதே நோய் பல்லோடு நில்லாமல் எலும்பையும் முடக்குவதை ஆய்ந்து வெளியிட்டார்கள்.

ஃப்ளோரைடுக் காவிக்கும் வழி இருக்கிறது. இலேசான கறைக்கு மருத்துவர் மேற்பரப்பை மிக நுண்ணிய அளவில் தேய்த்தெடுக்கிறார். தேவைப்பட்டால் அதன்பின் வெளுக்கிறார். கடுமையான கறைக்குப் பற்கலவையோ மெல்லிய மேலோடோ ஒட்டுகிறார். எந்தப் பல்லுக்கு எது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எவ்வளவு செய்தாலும் அது மேலே போடும் ஒப்பனையே. உள்ளே கெட்ட எனாமல் திரும்பாது. ஆனால் இன்னும் பல் உருவாகிக் கொண்டிருக்கும் நம் தம்பி தங்கையருக்கு அது கெடாமல் காக்க முடியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயலுக்கு வந்தது. காவிரி நீர் எங்கள் ஊர்க் குழாய்க்கு வருகிறது. ஆயினும் வீட்டுப் போர்வெல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் பலர் அதிலேயே சோறு வடிக்கிறார்கள், குழந்தைக்கும் அதையே கொடுக்கிறார்கள். காய்ச்சிக் கொடுத்தால் போதும் என்று எண்ணுகிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; ஃப்ளோரைடு சாகாது. நீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஏழு நாள் கிராமத்தில் தங்குகிறோம். கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்கிறோம், மரக்கன்று நடுகிறோம். இந்த ஆண்டு ஒரு நாளைப் பல்லுக்கு ஒதுக்கி, அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரை அழைக்கலாம் என்பது என் வேண்டுகோள். மாணவர்களும் அதே வரிசையில் நின்று வாயைக் காட்டலாம். வெளுக்க விரும்புகிறவர்கள் தங்கள் பல் அதற்குத் தகுமா என்று கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். அதோடு ஊரில் உள்ள ஒவ்வொரு போர்வெல்லிலிருந்தும் ஒரு பாட்டில் நீர் எடுத்து வருவோம். சிர்க்கோனியமும் அலிசரினும் சேர்ந்த செந்நிறக் கரைசல், ஃப்ளோரைடு பட்டால் நிறமிழந்து மஞ்சளாகும். இது நம் ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய சோதனை. பேராசிரியர்கள் வழிகாட்டினால் ஒரு பிற்பகலில் முடியும். துல்லியமான அளவுக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்பலாம். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம். அதைத் தாண்டும் போர்வெல்லின் மேல் ‘குடிக்க, சமைக்க வேண்டாம்’ என்று சிவப்பு வண்ணத்தில் எழுதிவிட்டு வருவோம். வண்ணமும் பிரஷ்ஷும் வாங்க எங்கள் வகுப்பார் பணம் திரட்டித் தரத் தயாராக இருக்கிறோம்.